ஆள் நிற்கிற கம்பெனி

16 ஜூன் 2025, திங்கள்

ஆத்தூர் பஸ் இன்று காலியாக வந்தது. டிரைவர் மட்டும் இறங்கி, தலையைச் சொறிந்துகொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வழக்கம்போல் ஹாரன் அடித்துக் காத்திருந்தாராம். ஒருத்தியும் ஏறவில்லையாம். தெரு முக்கில் சிலர் நின்றுகொண்டுதான் இருந்தார்களாம். பஸ்ஸைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து எங்கள் ஏற்றுமதிக் கம்பெனிக்கு இறால் - இங்கே றால் - வரத் தொடங்குகிற சமயம். உரிக்கிற மேசைகளில் பாதி சும்மா கிடந்தன. உற்பத்தி மேலாளர் ஜோஷுவா சார் மாடிப்படியில் நின்றபடியே கேட்டார்: "ஆள் பிடிக்கிறது உங்க வேலைதானே மேடம்?"

என் வேலைதான். பணியாளர் அதிகாரி என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறது. இங்கே வந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. சேர்க்கிற அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கிறார்கள். "அந்த றால் கம்பெனியா? அங்கன ஆள் நிக்காது" - ஏரலில் ஒரு கடைக்காரரே என் முகத்துக்கு நேராகச் சொன்னார். அது எனக்குப் பழகிவிட்டது.

ஆனால் ஒரு பஸ் மொத்தமுமா? சனிக்கிழமை ஏதோ நடந்திருக்கிறது. கேட்டால் எல்லோரும் ஐஸ் பெட்டியைப் பார்க்கிறார்கள்.

17 ஜூன்

வாட்ச்மேன்தான் கடைசியில் சொன்னார்.

மூன்றாம் மேசையில் முத்துராணி என்று ஒருத்தி. சனிக்கிழமை காலை அவள் மகள் ஆற்றுப் படித்துறையில் வழுக்கி விழுந்து மண்டை உடைந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். போகிற வழியெல்லாம் கம்பெனி கேட்டுக்கு போன். வாட்ச்மேன் உள்ளே போய்ச் சொல்லியிருக்கிறார். லோடு மேசையில் கிடக்கும்போது யாரையும் கூப்பிடக் கூடாது என்பது இங்கே சட்டம். "ஷிப்ட் முடியட்டும்" என்று ஜோஷுவா சார் சொல்லிவிட்டார்.

முத்துராணி சாயங்காலம் வரை றால் உரித்திருக்கிறாள். கேட்டில் தன் போனைத் திருப்பி வாங்கும்போதுதான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் அன்று அரை நாள் லீவு. இருந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? சட்டம்தானே என்று இருந்திருப்பேனோ?

18 ஜூன், புதன்

ஆத்தூர் போனேன். முத்துராணி வீட்டில் என்னை உட்காரச் சொன்னார்கள், அதுவே பெரிது. பிள்ளை தலையில் கட்டோடு பாயில் படுத்து, டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் போட்டிருக்கிறார்களாம். பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அல்ஹம்துலில்லாஹ்.

தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்றார்கள். எல்லோரும் அந்தக் காலி பஸ்ஸின் ஆட்கள். சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டித் தரச் சொல்லி முதலாளியிடம் பேசுகிறேன் என்று ஆரம்பித்தேன். முத்துராணி கையை அசைத்து நிறுத்தினாள்.

"சம்பளம் கொறச்சல்னு நாங்க எப்ப மேடம் சொன்னோம்? எம்புள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா, ஊருக்கெல்லாம் தெரிஞ்சி கடைசியாத்தான் எனக்குத் தெரிஞ்சிருக்கும். அங்கன வந்தா நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரிய மாட்டேங்கு. கெணத்துக்குள்ள கெடக்க மாதிரி இருக்கு."

மற்றவர்கள் பேசினார்கள். கக்கூஸ் போக மேசைக்கு ஒரே ஒரு டோக்கன் என்பதைப் பற்றி. பேர் இருக்கும்போது தொப்பி நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவதைப் பற்றி. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு வருஷமாக அதே கூடத்துக்குத் தினமும் போய் வருகிறேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அழுகை வந்தது. ஆத்திரமா வெட்கமா தெரியவில்லை.

20 ஜூன், வெள்ளி

பிச்சைக்கண்ணு அண்ணாச்சியிடம் சொன்னேன். எங்கள் முதலாளி. மீன் ஏலத்தில் கூவிக் கூவியே தொண்டை கரகரத்துப்போனவர், கெட்டவர் இல்லை. கடைசி வரை கேட்டார். பிறகு, சாப்பாட்டுக் கூடத்துக்குப் பெயின்ட் அடித்துவிடலாம், ஆண்டு விழாவுக்கு எல்லோருக்கும் குத்துவிளக்கு கொடுக்கலாம் என்றார். வாசலில் ஒரு வளைவு கட்டினால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்றும் சொன்னார்.

"அண்ணாச்சி, அந்தப் பிள்ளைக்கு மண்டை உடஞ்சிருக்கு" என்றேன்.

அவர் டிராயரிலிருந்து ஓர் அழைப்பிதழை எடுத்து நீட்டினார். பிறகு, திருநெல்வேலியில் பெரிய பெரிய கம்பெனிக்காரர்கள் கூடி இதைப் பற்றித்தான் பேசப் போகிறார்களாம், போய்க் கேட்டுவிட்டு வா என்றார்.

27 ஜூன்

வண்ணார்பேட்டையில் ஒரு ஓட்டல் மாடி. 'பணியாளர்கள் விரும்பும் நிறுவனத்தை உருவாக்குவது எப்படி' - ஒருநாள் கருத்தரங்கு. குளிர் தாங்காமல் துப்பட்டாவை இறுக்கிப் போர்த்திக்கொண்டேன்.

கோட் போட்ட ஒருவர் காலையிலிருந்து மத்தியானம் வரை பேசினார். பிறந்தநாளுக்குக் கேக், ஓய்வறையில் கேரம் போர்டு, வெள்ளிக்கிழமைகளில் விளையாட்டு, அலுவலகத்துக்குள் ஊஞ்சல். ஊஞ்சல் படம் திரையில் வந்தபோது பக்கத்திலிருந்த மில் அதிகாரி கைதட்டினார். எங்கள் கூடத்தில் முழங்கை வரை ஐஸ் தண்ணீர் சொட்ட நிற்கிறவர்களை அந்த ஊஞ்சலில் உட்கார வைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. மில் அதிகாரி முறைத்தார்.

கேள்வி நேரத்தில் எழுந்து கேட்டேன்: வீட்டில் ஒரு ஆபத்து என்றால் அதை வேலை செய்கிறவரிடம் எத்தனை நிமிஷத்தில் சொல்ல வேண்டும்? அவர் நல்ல கேள்வி என்றார். அடுத்த ஆளிடம் மைக்கைக் கொடுத்துவிட்டார்.

சாப்பாடு நன்றாக இருந்தது.

29 ஜூன், ஞாயிறு

சவூதி தம்மாமிலிருந்து மச்சான், என் கணவர், பேசினார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் வேலையைப் பற்றி நான் ஒன்றுமே கேட்டதில்லை என்று இன்றைக்குத்தான் உறைத்தது. நீங்கள் வேலை பார்த்ததிலேயே எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி என்று கேட்டேன். இப்போது இருக்கிற பெரிய கம்பெனியைச் சொல்வார்கள் என்று நினைத்தேன். ஏசி ரூம், நல்ல சாப்பாடு, எல்லாம் உண்டு.

ஜுபைலில் முதல் முதலாக வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பைச் சொன்னார்கள். கூரைகூட ஒழுங்காக இல்லாத இடம். மச்சானின் வாப்பா மௌத்தான சாவுச் செய்தி வந்த அன்று, அந்த முதலாளி ஒரு கேள்வி கேட்கவில்லையாம். கையில் இருந்த ஸ்பேனரை வாங்கி வைத்துவிட்டு, தானே காரை ஓட்டி விமானம் ஏற்றிவிட்டுத்தான் போனாராம்.

"இன்னைக்கும் அவரு கூப்பிட்டா, சம்பளம் எவ்வளவுன்னு கேக்காம போவேன் ஷம்ஸியா."

பக்கத்தில் உம்மா கேட்டுக்கொண்டே முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார்கள். எண்ணெய் சத்தத்தில் மச்சான் குரல் பாதிதான் கேட்டது. ஆனாலும் அது போதும்.

2 ஜூலை, புதன்

கேட்டேன். அண்ணாச்சியிடம் நேராகவே கேட்டேன்.

கூடத்தின் ஓரத்தில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. அதில் ஒரு போன். நம்பர் எல்லா வீட்டுக்கும் தெரிய வேண்டும். மணி அடித்தால் அங்கே இருக்கிற பெண் எடுத்து, மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும், மேசையில் என்ன கிடந்தாலும், வரலாம். போக வேண்டியிருந்தால் போகலாம். யாரிடமும் அனுமதி வேண்டாம்.

ஜோஷுவா சார் மறுத்தார். அவர் சொன்னது முட்டாள்தனம் இல்லை, அதுதான் கஷ்டம். றால் யாருக்காகவும் காத்திருக்காது. நேரம் தப்பினால் கறுத்துவிடும். ஒருத்தி போனால் மேசை நிற்கும், மேசை நின்றால் லோடு போகும். தினம் ஒரு பெரியப்பா செத்துப்போவார் என்றார்.

அண்ணாச்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தீபாவளி வரைக்கும் பாப்போம். நடுவுல ஒரு லோடு கெட்டுச்சோ, இந்த போனும் போவும், ஏம்மா, நீயும் போவ. சரிதானா?"

சரி என்றேன். வெளியே வந்ததும் எல்லா வீட்டுக்கும் நம்பர் சொல்லி அனுப்ப ஏற்பாடு செய்தேன்.

7 ஜூலை

ஆத்தூர் பஸ் வந்தது! பாதிதான். ஆனால் வந்தது. முத்துராணி கடைசியாக இறங்கினாள்.

நன்றி எதுவும் சொல்லவில்லை. கண்ணாடி அறையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய் மேசையில் நின்றாள்.

பத்து மணி வாக்கில் மணி அடித்தது. கூடமே நிமிர்ந்தது. மைக்கில், "முத்துராணி, போன்." அவள் கையுறையைக் கழற்றிவிட்டு நடந்து போனாள். யாரும் தடுக்கவில்லை. இரண்டு வார்த்தை பேசினாள், வைத்தாள், திரும்பி வந்தாள். ஜோஷுவா சார் என்ன விஷயம் என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார். உண்மையிலயே கூப்பிடுதாவளான்னு பாக்க, எங்க வீட்டுக்காரர போன் அடிக்கச் சொல்லியிருந்தேன்."

மேசை மேசையாகச் சிரிப்பு ஓடியது. ஜோஷுவா சார் முகம் சிவந்து மாடிக்குப் போய்விட்டார். எனக்கு அவள்மேல் கோபம் வரவேயில்லை. அவள் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

9 ஜூலை

இன்று மணி அடிக்கவில்லை.

10 ஜூலை

இன்றும் இல்லை. தினம் சாக வேண்டிய பெரியப்பாக்கள் எல்லாம் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

19 ஜூலை, சனி

புன்னக்காயலிலிருந்து வருகிறவர்களில் அஞ்சலின் என்று ஒருத்தி இருக்கிறாள். கை வேகத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் புருஷன் இன்னாசி சொந்த வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். அவள் பேச ஆரம்பித்தால் ஏழாம் மேசையே குலுங்கும். இன்று பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் தனியாக வந்து சொன்னாள்: டோக்கனுக்குக் காத்து நிற்க வேண்டும் என்று காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லையாம். நீர்க்கடுப்பு. மாத்திரை போட்டும் நிற்கவில்லை. வீட்டில் சொல்ல வெட்கமாம்.

எழுந்து நேராகப் போய் எல்லா மேசையிலிருந்தும் டோக்கன்களை எடுத்தேன். அண்ணாச்சி மேசையில் கொண்டுபோய்க் கொட்டினேன். எதற்கு என்று சொன்னேன். அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். டோக்கன்களை டிராயரில் தள்ளிப் பூட்டினார்.

31 ஜூலை

இந்த மாதம் யாரும் வேலையை விட்டுப் போகவில்லை. இதை எழுதும்போதே பயமாக இருக்கிறது, கண்ணு பட்டுவிடுமோ என்று.

28 ஆகஸ்ட், வியாழன்

பைபாஸ் பக்கம் புதிதாக ஒரு கம்பெனி திறக்கிறார்கள். றால் ஏற்றுமதிதான். ஆட்டோவில் மைக் கட்டி ஆத்தூரிலிருந்து காயல்பட்டினம் வரை கூவிக்கொண்டு போனார்கள். சம்பளம் கூட. ஏசி பஸ். சேருகிற அன்றே ஒரு மிக்ஸி.

உம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டு, "அது நல்ல கம்பெனியா இருக்கும்போலயே" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது.

சாயங்காலம் வரை நாலு பேர் கணக்கை முடிக்கக் கேட்டு வந்தார்கள். தடுக்கவில்லை. கூடுதல் சம்பளத்துக்குப் போகிறவர்களை நான் என்ன சொல்லித் தடுப்பது? மற்றவர்களும் போனால் தீபாவளி வரைக்கும்கூட வேண்டாம், அதற்கு முன்னாலேயே என் கதை முடிந்துவிடும்.

17 செப்டம்பர், புதன்

கை விரல்கள் மடங்க மாட்டேன் என்கின்றன. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

இரண்டு நாளாகக் கச்சான் என்கிற மேல்காற்று பேயாக அடிக்கிறது. நேற்று விடியலில் கடலுக்குப் போன இன்னாசி இன்று காலை வரை கரைக்கு வரவில்லை. கூட அவர் தம்பி. அஞ்சலின் அப்படியும் வேலைக்கு வந்திருந்தாள். காற்றுக்குப் பயந்து சில சமயம் மணப்பாட்டுக் கரையில் ஒதுங்கிவிடுவார்களாம், சாயங்காலத்துக்குள் வந்துவிடுவார்களாம். அவள் சொன்னதைக் கேட்டு நானும் சரி என்று இருந்துவிட்டேன்.

பத்தரைக்கு மணி அடித்தது. "அஞ்சலின், போன்."

தேடிப் போன வள்ளங்கள் திரும்பி வந்திருக்கின்றன. அவர்கள் வலையின் மிதவை மட்டும் கிடைத்திருக்கிறது. ஆட்களைக் காணவில்லை.

அவள் போனை வைக்கவில்லை. அறையிலிருந்த பெண்தான் கையிலிருந்து எடுத்து வைத்தாள். புன்னக்காயல்காரிகள் எல்லோரும் மேசையை விட்டு அவளைச் சுற்றி வந்துவிட்டார்கள். ஒரே ஊர், ஒரே கோயில், பாதிப் பேர் சொந்தம். கூடத்தில் பாதி மேசை நின்றுவிட்டது. எல்லா மேசையிலும் முழு லோடு. நாளை மத்தியானம் கண்டெய்னர் தூத்துக்குடி துறைமுகத்துக்குள் போயாக வேண்டும்.

ஜோஷுவா சார் ஓடி வந்தார். "அஞ்சலின் மட்டும் போகட்டும் மேடம். மற்றவங்க போனா முடிஞ்சுது. நான் சொன்னேன்ல." அண்ணாச்சிக்குப் போன் அடித்தேன். சென்னை விமானத்தில் இருக்கிறார் போல, போன் அணைந்திருந்தது.

அஞ்சலின் என்னைப் பார்த்தாள். கையுறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மேடம், நாங்க போவட்டா?"

அந்த நிலையிலும் கேட்டாள். இத்தனை வருஷம் கேட்க வைத்தே பழக்கிவிட்டோம்.

"கேக்கவே வேண்டாம். எல்லாரும் போங்க" என்றேன். டிரைவரைக் கூப்பிட்டுக் கம்பெனி பஸ்ஸையே எடுக்கச் சொன்னேன். பஸ் கேட்டைத் தாண்டுகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, என் வேலை போச்சு என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அது பெரிதாகவே தோன்றவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

கூடத்துக்குள் திரும்பி வந்தால், முத்துராணி அஞ்சலினின் மேசையில் நின்றுகொண்டிருந்தாள். ஆத்தூர்க்காரிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்துக் காலி மேசைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"இத நாங்க பாத்துக்கிடுதோம் மேடம். ஐஸ் மட்டும் கொறையாம போடச் சொல்லுங்க."

நானும் தொப்பி மாட்டி, கையுறை போட்டு நின்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது; பக்கத்தில் இருந்தவள் நான் உரித்ததைப் பார்த்துப் பாதியைத் திருப்பித் தந்தாள். கொஞ்ச நேரத்தில் எதிர் மேசையில் இன்னொரு கை வந்து ஐஸுக்குள் இறங்கியது. ஜோஷுவா சார். சட்டைக் கையை மடித்துவிட்டுத் தலையைக் குனிந்து உரித்துக்கொண்டிருந்தார்.

ஷிப்ட் முடிந்த பிறகும் ஆத்தூர் பஸ்ஸில் யாரும் ஏறவில்லை. வர நேரமாகும் என்று வீட்டுக்கு ஒவ்வொருத்தியும் அந்தக் கண்ணாடி அறையிலிருந்தே பேசிச் சொன்னாள். கையில் வேலை நடந்தது, காது முழுக்க அந்த போன்மேல் இருந்தது.

பொழுது சாய்ந்து மக்ரிபுக்குப் பாங்கு சொல்கிற நேரத்தில் மணி அடித்தது. முத்துராணிதான் பக்கத்தில் இருந்தாள், ஓடிப்போய் எடுத்தாள். கேட்டாள். பிறகு மைக்கைக் கையில் எடுத்தவள் பேச முடியாமல் நின்றாள். எங்களுக்கெல்லாம் உயிர் போய்விட்டது.

"கெடச்சிட்டாவ" என்றாள். "ரெண்டு பேரும். மணப்பாட்டு வள்ளம் கட்டி இழுத்துட்டு வந்துட்டாம். உசுரோட இருக்காவ."

கூடத்தில் சத்தம் கூரையைப் பிய்த்தது. ஈரக் கையோடு யார் யாரையோ கட்டிப்பிடித்தார்கள். என்னைக் கட்டிப்பிடித்தது யார் என்றுகூடத் தெரியவில்லை. முகமெல்லாம் றால் வாடை.

ஆனால் லோடு முடியவில்லை. மூன்றில் ஒரு பங்கு பாக்கி. இதற்கு மேல் இவர்களை நிற்க வைப்பது நியாயமில்லை. மீதியை ஐஸில் புதைக்கச் சொல்லிவிட்டு எல்லோரையும் அனுப்பினேன். காலையில் வருகிற ஆட்களை வைத்து மத்தியானத்துக்குள் முடிக்க முடியாது என்று ஜோஷுவா சார் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார்.

18 செப்டம்பர், வியாழன்

விடியலில் சுபுஹு தொழுத கையோடு கிளம்பிவிட்டேன். கேட்டுக்குப் போனால் வாட்ச்மேன் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால் மீன் ஏற்றுகிற ஒரு லோடு ஆட்டோ. அதிலிருந்து புன்னக்காயல்காரிகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு ஆட்டோ பின்னால் வந்துகொண்டிருந்தது. பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. யாரும் வரச் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை, ஜோஷுவா சாரும் சொல்லவில்லை.

அவர்களுக்கு நடுவே அஞ்சலின்.

"நீ எதுக்கு வந்த? வீட்டுல இருக்க வேண்டியதுதானே" என்றேன்.

"அவரு கஞ்சிய குடிச்சிட்டுத் தூங்குதாரு மேடம். குறட்ட விடுத ஆளப் பாத்துக்கிட்டு நான் அங்கன இருந்து என்ன செய்ய?" என்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. சிரித்தாள். அப்படியே போய்த் தொப்பியை மாட்டினாள்.

ஆத்தூர் பஸ்ஸும் முன்கூட்டியே வந்துவிட்டது. முத்துராணி டிரைவர் வீட்டுக்கே போய் அவரை எழுப்பினாளாம். கூடத்தில் நிற்க இடமில்லை. நான் இதுவரை அந்தக் கூடத்தை அப்படிப் பார்த்ததே இல்லை. பேச்சும் சிரிப்பும், இன்னாசியைப் பற்றிய கேலியும். கைகள் மட்டும் பறந்தன. கடைசி மேசை முடிந்தபோது பத்து மணிகூட ஆகவில்லை.

கண்டெய்னர் கதவைச் சாத்தும்போது ஜோஷுவா சார் என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் உள்ளங்கை இரண்டும் வெந்தவை மாதிரி இருந்தன. "மேடம், நான் இவங்க வர மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று சொன்னேன். உண்மைதானே?

19 செப்டம்பர்

அண்ணாச்சி வந்துவிட்டார். வந்ததும் என்னைக் கூப்பிட்டார். ஜோஷுவா சார் ஏற்கெனவே உள்ளே இருந்தார்.

"லோடு மேசையில கெடக்கும்போது பஸ்ஸ எடுக்கச் சொல்ல ஒனக்கு யாரும்மா அதிகாரம் கொடுத்தா?"

யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன் என்றேன். இன்னொரு தடவை நடந்தாலும் அதையேதான் செய்வேன் என்றும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது ஜோஷுவா சார் குறுக்கே பேசினார். நான் எதிர்பார்க்கவேயில்லை. "அண்ணாச்சி, பஸ் போகலைன்னா உடம்பு மட்டும்தான் இங்க நின்னிருக்கும். பாதி றால்கூட முடிஞ்சிருக்காது. மறுநாள் ஒருத்தியும் வந்திருக்க மாட்டா."

அண்ணாச்சி ஜன்னல் வழியே கூடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு திரும்பிக் கேட்டார்: "அந்த வள்ளத்துக்கு இன்ஜின்தான் கோளாறா? இன்னாசிய நம்ம ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டாரச் சொல்லு. நம்ம ஆளு பாத்துக் கொடுப்பான்."

அவ்வளவுதான். எழுந்து வந்துவிட்டேன். படியிறங்கும்போது கால் தரையில் படவில்லை.

22 அக்டோபர்

தீபாவளி முடிந்தது. அண்ணாச்சி கெடுவைப் பற்றிப் பேசவேயில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. காலையில் கண்ணாடிக் கடைக்காரர் வந்து, பேக்கிங் கூடத்திலும் அதேபோல ஒரு கண்ணாடி அறை போட அளவெடுத்துக்கொண்டு போனார். யார் சொன்னது என்று கேட்டேன். ஜோஷுவா சார் சொன்னாராம்.

8 நவம்பர், சனி

மேசைக்கு ஒரு தலைவியை இனி அந்தந்த மேசைக்காரர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். என்ன கூத்து! ஏழாம் மேசையில் அஞ்சலின் தனக்கே ஓட்டுப் போடவில்லை என்று சத்தியம் செய்கிறாள். ஆனால் ஒரு ஓட்டுகூட அவளுக்கு எதிராக விழவில்லை. மூன்றாம் மேசைக்கு முத்துராணி. முதல் வேலையாக, நிற்கிற இடத்தில் ரப்பர் விரிப்பு வேண்டும், கால் மரத்துப்போகிறது என்று வந்து நின்றாள். கேட்கிற தோரணையைப் பார்த்தால் கம்பெனியே அவளுடையது போல இருந்தது. விரிப்பு திங்கட்கிழமை வருகிறது.

27 நவம்பர்

புதுக் கம்பெனிக்குப் போன நாலு பேரில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். அங்கே சம்பளம் சொன்னபடியே கொடுக்கிறார்களாம். பஸ்ஸும் குளுகுளுவென்று இருக்கிறதாம். குறை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஏன் வந்தீர்கள் என்றேன். ஒருத்தி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அங்கன யாரும் யாரோடயும் பேசிக்கிட மாட்டாவ மேடம்."

நாலாவது ஆள் அங்கேயே இருக்கிறாள். அவளுக்கு அது பிடித்திருக்கிறது. இருக்கட்டும், அவளும் சந்தோஷமாக இருக்கட்டும்.

21 டிசம்பர், ஞாயிறு

அஞ்சலின் வீட்டில் கிறிஸ்துமஸ் பலகாரம் சுடுகிறார்கள் என்று கூப்பிட்டாள். உம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். இன்னாசியை இன்றுதான் நேரில் பார்த்தேன். பேசவே மாட்டார் போல. தட்டில் முந்திரிக்கொத்தை அடுக்கி என் முன்னால் வைத்துவிட்டு, ரொம்ப நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். ஆறு கடலில் சேர்கிற இடத்தைக் காட்டுவதாக உம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள் அஞ்சலின். திரும்பி வரும்போது பஸ்ஸில் உம்மா சொன்னார்கள்: "உன் வேல என்னன்னு எனக்கு இன்னைக்குத்தான் வெளங்குது."

9 ஜனவரி 2026, வெள்ளி

மத்தியானம் ஜோஷுவா சார் என் அறைக்கு வந்தார். கதவைத் தட்டிவிட்டு, உட்காரலாமா என்று கேட்டு உட்கார்ந்தார். பேக்கிங் கணக்கு, ஐஸ் லாரி என்று எதையெதையோ பேசினார். பேச வந்தது அது இல்லை என்று தெரிந்தது. நான் காத்திருந்தேன்.

கடைசியில் சொன்னார். அவர் மனைவியின் தங்கை நாகர்கோவிலில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாளாம். அதை விட்டுவிட்டு இங்கே வர வேண்டும் என்கிறாளாம். ஆபீஸ் வேலை வேண்டும் என்றுகூட இல்லையாம், எந்த மேசையானாலும் சரியாம். இவர் ஒன்றும் சொல்லவில்லையாம், அவளே யாரிடமோ கேள்விப்பட்டு நச்சரிக்கிறாளாம்.

"ஏதாவது இடம் இருக்குமா மேடம்?"

உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். மேசை மேசையாக மனசுக்குள் போய் வந்தேன்.

"இடம் இல்லையே சார்" என்றேன். இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. "ஏற்கெனவே உவரியிலிருந்தும் ஏரலிலிருந்தும் கேட்டுட்டுப் போயிருக்காங்க. அவங்களுக்குப் பிறகுதான் சொல்ல முடியும்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சரி, அவளைக் காத்திருக்கச் சொல்கிறேன் என்றார். எழுந்தவர் வாசலில் ஒரு நிமிஷம் நின்று சிரித்துவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திக்கொண்டு நானும் சிரித்தேன். அடக்கவே முடியவில்லை.